'இருபது மீட்டர்தானே' என்று இறங்குகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் தென்மேற்கில், பிளிமத்தை அடுத்த விட்சாண்ட் விரிகுடாவில் மூழ்கிய இரண்டு கப்பல்கள் கடலடியில் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, 1945 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ பட்ட சரக்குக் கப்பல் 'ஜேம்ஸ் ஈகன் லேன்'. மற்றது 'சில்லா' என்ற போர்க்கப்பல். 2004-ல் டைவர்களுக்காகவே வெடிவைத்து மூழ்கடித்தார்கள். இரண்டுக்கும் ஆழம் 20 சொச்சம் மீட்டர்தான். அந்த 'தான்' என்ற நினைப்பில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

வெயிலைப் பார்த்துக் குளிரைக் கணிக்காதீர்கள். குளிர்கால முடிவில் அங்கே நீர் 9 டிகிரிக்கு இறங்கும். ஆகஸ்டிலும் 16, 17 டிகிரிதான். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் உடை நசுங்கி, கதகதப்பும் மிதப்பும் சேர்ந்தே குறையும். டிரை சூட், அதாவது நீர் புகாத உடை, நல்லது, ஆனால் அதைக் குளத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

அடுத்தது ரெகுலேட்டர், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி. சிலிண்டரில் அடைபட்ட காற்று விரியும்போது கடுமையாகக் குளிரும். நீரும் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்ளே பனி கட்டி வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். காற்று கொட்டித் தீர்க்கும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. ஆளாளுக்குக் கருவியைத் திட்டுவார்கள். பல நேரம் குற்றம் பழக்கத்தில்தான்: குளிர்ந்த படகில் நின்று ரெகுலேட்டருக்குள் மூச்சை விட்டு ஈரத்தை ஏற்றுவது, கீழே மூச்சிரைக்கும்போதே டிரை சூட்டுக்கும் மிதப்பு ஜாக்கெட்டுக்கும் காற்றுப் பொத்தானை நீளமாக அழுத்துவது. விட்டுவிட்டுக் கொஞ்சமாக அழுத்தினாலே போதும்.

உள்ளே நுழைவதுதான் ஆளைக் கொல்லும் தவறு. சில்லாவில் டைவர்கள் நுழைந்து வெளியேற மூழ்கடிக்கும் முன்பே வழிகள் வெட்டியிருந்தார்கள். அதனால் 'பாதுகாப்பான கப்பல்' என்று பேர். ஆனால் வருஷம் ஓட ஓட வண்டல் சேர்ந்தது, இரும்பு இற்றுச் சரிந்தது. 2007-லும் 2021-லும் அங்கே டைவர்கள் இறந்தார்கள். இப்போது உள்ளே போகவே வேண்டாம் என்கிறார்கள். காலில் மாட்டும் ஃபின் (துடுப்பு) ஒருமுறை தரையில் பட்டால் போதும்: வண்டல் கிளம்பி, டார்ச் வெளிச்சம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும், வந்த வாசல் தெரியாது. பத்து வருஷத்துக்கு முந்தைய வீடியோவை நம்பிப் போகிறவர்களை என்ன சொல்வது!

நீரோட்டம் தணியும் நேரத்தைப் பார்த்து இறங்குங்கள். கப்பலில் சிக்கிய தூண்டில் நரம்புகள் கண்ணுக்குத் தெரியாது. வெட்டுக் கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நினைவுக்கு ஒரு பித்தளைத் துண்டு எடுக்கலாம் என்று தோன்றுகிறதா? பிரிட்டனில் சிதைந்த கப்பலிலிருந்து எதை எடுத்துவந்தாலும் 28 நாட்களுக்குள் அதற்கான அரசு அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். மறைத்தால் வழக்கு.