பண்ணைக் கோலி நாய்களை வீட்டுத் துணையாக வளர்த்தலும் இனப்பெருக்கமும்

ஸ்காட்லாந்து மேய்ப்பர் நாய்களின் வழிவந்து அமெரிக்கப் பண்ணைகளில் நிலைத்த கோலி வகைகளில் ஒன்றான இங்கிலீஷ் ஷெப்பர்டை, அமெரிக்க நாயினப் பதிவு அமைப்பான யுனைடெட் கென்னல் கிளப் 1927-இல் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

இணை சேர்க்குமுன் இரு நாய்களுக்கும் இடுப்பு எக்ஸ்ரேயும் எம்.டி.ஆர்.1 மரபணுச் சோதனையும் எடுத்துவிட வேண்டும். இம்மரபணுவில் பிறழ்வுள்ள நாயின் உடலில் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் அதிக அளவில் சேர்ந்தால், அது மூளைக்குள் புகுந்து உயிருக்கே உலை வைக்கும். லாயத்தில் சிந்திய, ஐவர்மெக்டின் உள்ள குதிரைக் குடற்புழு மருந்தை நக்கினாலும், மருந்துண்ட குதிரையின் இலத்தியைத் தின்றாலும் ஆபத்துதான். அழகுக்கு ஆசைப்பட்டு இரண்டு மெர்ல் நிற (வெளிர் நிறத்தில் கருந்திட்டுகள் சிதறிய) நாய்களை இணைப்பதை நான் பொறுப்பின்மை என்றே சொல்வேன். செவிடும் குருடுமான குட்டிகள் பிறக்கக்கூடும்.

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். குட்டிகளை முதல் இரண்டு வாரம் நாள்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். எடை ஏறாத குட்டியைத் தாயின் பால் மிகுந்த பின்காம்பில் ஊட்டவிடலாம். 6 முதல் 8 வாரத்துக்குள் கண் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். தாமதித்தால் விழியின் உட்புறத்தில் நிறமி படர்ந்து, கோலிகளுக்கு வரும் பிறவிக் கண்குறையை மறைத்துவிடக்கூடும்.

மூன்றாம் வாரத்திலிருந்தே குழந்தைகளின் குரலையும் பாத்திர ஓசையையும் பழக்க வேண்டும். ஓடும் குழந்தையின் குதிகாலைக் குட்டி கவ்வ வந்தால், குழந்தையை அசையாமல் நிற்கச் சொல்லி, குட்டியை உங்களிடம் அழைத்துத் தின்பண்டம் கொடுங்கள்.