பிள்ளைகளின் காதலில் அடி விழும்போது: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆலோசகர்களோடு வேலை செய்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் காதலில் அடி, மிரட்டல், வேவு பார்ப்பது என்று எதுவும் வந்தால், ஒருவர் பின் ஒருவராக அதே இடத்தில் சறுக்குகிறார்கள். ரகசியம் காக்கணும், அதட்டக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருவரையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாகப்பிரிவினை முதல் வரப்புத் தகராறு வரை நாலு பேர் கூடிப் பேசித்தான் நம் பக்கம் தீர்க்கிறார்கள். அங்கே இரண்டு பக்கமும் வாய் திறந்து பேசும். இங்கே ஒருத்தி மற்றவனுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பெண், பையன் பாலிடெக்னிக். டவுன் பஸ்ஸில் யாரோடோ சிரித்துப் பேசினாள் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்தே கையை முறுக்கியிருக்கிறான். அவள் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டும் அவனிடம்தான். தோழி வந்து சொல்ல, புது ஆலோசகர் நல்ல மனசோடு இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். பையன் அழுதான். "பரவால்ல மேடம்" என்றாள் பெண். பிரச்சினை தீர்ந்தது என்று நோட்டில் எழுதியாயிற்று.

உண்மையில் நடந்தது வேறு. யார் சொன்னது, எவ்வளவு சொன்னது, ஒரு மன்னிப்போடு பள்ளி விட்டுவிடும் என்பது, மூன்றும் அவனுக்குத் தெரிந்துபோனது. பிறகு ட்யூஷன் வாசலில் நின்றான். தோழிக்கும் மிரட்டல் போனது. பேச்சு எப்படியோ வீட்டை எட்டியது. அப்பா சிங்கப்பூரில், அப்பத்தா படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டார். அடிபட்டவளுக்கே தண்டனை. அந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்தக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டியதாயிற்று.

தனித்தனியாகப் பேசுங்கள், முதலில் அவளிடம். "அடிச்சானா?" என்றால் இல்லை என்றுதான் வரும். "வேண்டாம்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்?", "உன் ஃபோனை வேற யார் திறக்க முடியும்?", "சாயங்காலம் யாரோட பஸ் ஏறுவே?" என்று கேளுங்கள். விஷயம் தானாக வெளியே வரும். யார் சொல்லித் தெரிந்தது என்பது எந்தப் பக்கமும் கசியக் கூடாது. 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் நடந்திருந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சமாதானம் பேச உங்களுக்கு உரிமையே கிடையாது. இப்படிச் சிலவற்றை மறைக்க முடியாது என்பதை, அவள் மனம் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"இதெல்லாம் மெட்ராஸ் பிள்ளைங்க விஷயம்"

இல்லை. துணையோடு உறவில் இருந்த 15–19 வயதுப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024-இல் சொன்னது. உலகக் கணக்கு அது, மணமானவர்களும் சேர்த்து. நம் ஊர் அதற்கு வெளியே இல்லை.

பையனைப் "பொறுக்கி" என்று எழுதி மூடுவது

அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்தது, அடிப்பதை ஆம்பளைத்தனம் என்று கொண்டாடும் கூட்டாளிகள், குடி, கவனிக்க ஆளில்லாத வீடு: அடிக்கிற பையன்களின் பின்னணியாக ஆய்வுகள் இவற்றைத்தான் மறுபடி மறுபடி காட்டுகின்றன. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடுகளிலிருந்துதான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். எல்லாரும் அடிப்பவர்களாக ஆவதில்லை; ஆகவே அவன் செய்ததற்கு அவனே பொறுப்பு. ஆனால் அவனோடும் ஒருவர் உட்கார வேண்டும். அது நீங்களாக இருக்கக் கூடாது, வேறொருவர்.

பையன்கள் அடிபட மாட்டார்கள் என்று நினைப்பது

படுகிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.

ஃபோனைப் பிடுங்குவது

உதவி கேட்கும் வழியும் அதோடு போய்விடும்.

படத்தை வைத்து மிரட்டினால், அந்த அந்தரங்கப் படத்தை "எனக்கு அனுப்பும்மா" என்பது

வேண்டவே வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதும் வைத்திருப்பதும் குற்றம். ஆலோசகர் என்பதால் விலக்கு வராது. மிரட்டல் மெசேஜ், தேதி, கணக்கின் பெயர் அவளிடமே பத்திரமாக இருக்கட்டும், அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இணையவழிக் குற்றப் புகாருக்கு 1930. புகார் பதியும்வரை அவள் பக்கத்தில் இருங்கள்.