சிறு மாடித்தோட்டம்: விதை போடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது. சுரைப் பிஞ்சு விரல் நீளத்திலேயே மஞ்சளாகி விழுகிறது. கீரை முளைத்த வேகத்தில் மடிகிறது. இப்படி ஆனதும் பெரும்பாலோர் ஏதாவது கரைசலைத் தேடி ஓடுகிறார்கள். பால்கனியிலும் பத்துக்குப் பத்து அடி மாடியிலும் வரும் நோவுகளில் பாதிக்கு மருந்தே தேவையில்லை. செடிப்பையை எங்கே வைத்தோம், அதில் எதை நிரப்பினோம், எந்த மாதத்தில் விதைத்தோம் என்பதில்தான் கோளாறு இருக்கும்.

வெயிலை ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்வது

மார்கழியில் தெற்கு பால்கனி முழுக்க வெயில் விழுவதைப் பார்த்துவிட்டுத் தொட்டிகளை வாங்கி அடுக்குகிறோம். வைகாசியில் அதே இடம் நிழலாகக் கிடக்கிறது. காரணம் எளிது. சென்னையில் ஏப்ரல் 25 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் 18 வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. மதுரையில் இது ஏப்ரல் நடுவிலேயே தொடங்கிவிடும். அந்த நாட்களில் மேல்தளத்துக் கூரை தெற்கு பால்கனியை மறைத்துவிடும். ஆண்டு முழுக்க இருட்டு என்று ஒதுக்கிய வடக்கு பால்கனிக்கோ அப்போதுதான் வெயில் எட்டிப் பார்க்கும்.

மார்கழியில் ஒரு நாள், வைகாசியில் ஒரு நாள் என இரண்டு விடுமுறை நாட்களில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கொருமுறை வெயிலின் எல்லையைச் சாக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழும் இடத்தில் மட்டும் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை. மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் புதினா, பொன்னாங்கண்ணி, சிறுகீரை, கொத்தமல்லி. வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை என்றால் வெற்றிலைக் கொடி வைக்கலாம். அங்கே கத்தரி வைத்தால் இலை பெருக்கும், காய் தராது.

இன்னொன்று, பச்சை நிழல்வலை. கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலையை ஆண்டு முழுக்கக் கட்டி வைப்பவர்கள் உண்டு. காய்கறிக்கு அது பாதி உணவைப் பிடுங்குவது போல. சித்திரை, வைகாசியில் மட்டும் கட்டி, வெயில் தணிந்ததும் சுருட்டிவிட வேண்டும்.

பை நிறைய மண்

வயலில் விளைவது மண்ணில்தானே என்று பையையும் மண்ணாலேயே நிரப்புவதுதான் மாடித்தோட்டத்தின் மிகப் பழைய தவறு. விட்டம் 12 அங்குலம், உயரம் 12 அங்குலம் உள்ள வட்டப்பை சுமார் 22 லிட்டர் பிடிக்கும். முழுக்கச் செம்மண் நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தாண்டும். சதுர மீட்டருக்கு இப்படி ஒன்பது பைகளை நெருக்கி வைத்தால் 315 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிர்ணயம் எடுத்துக்கொள்ளும் சுமையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். கலவையை இலகுவாக்குங்கள். சதுர மீட்டருக்கு நான்கைந்து பைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனமான பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், அடியில் சுவரோ பீமோ ஓடும் ஓரங்களில் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் பெரிய தொட்டி ஏற்ற வேண்டாம்.

எடை மட்டுமல்ல, காற்றும் பிரச்சினை. வயலில் மண்புழுவும் ஆழமும் செய்யும் வேலையைப் பைக்குள் யாரும் செய்வதில்லை. தினமும் ஊற்றும் தண்ணீரில் மண் இறுகி, வேருக்கு மூச்சு முட்டும்.

20 லிட்டர் கலவைக்கு: சலித்த செம்மண் 7 லிட்டர், கழுவிய தென்னைநார்க்கழிவு 7 லிட்டர், மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய தொழுவுரம் 6 லிட்டர், வேப்பம்பிண்ணாக்கு 100 கிராம். கலந்து, ஈரமாக்கி, பத்து நாள் அப்படியே விட வேண்டும். பிண்ணாக்கு மட்கும்போது கிளம்பும் சூட்டில் இளவேர் வெந்துபோகும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு.

தென்னைநார்க்கழிவைக் 'கழுவிய' என்று சொன்னதில் பொருள் இருக்கிறது. 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும். அதில் உப்பும், தேநீர் நிறத்தில் இறங்கும் சாறும் இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து மூன்று முறை கொட்டினால் நிறம் வெளிறும். கழுவாமல் போட்டால் இலை ஓரம் கருகும், விதை முளைத்ததும் நின்றுவிடும். அதை மட்டுமே நிரப்பி வளர்ப்பதும் தவறு. அதில் சத்து மிகக் குறைவு.

பையின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சிறு துகள்களின் இடுக்கில் பிடித்து நிற்கும் நீர், பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள கலவை முழுக்க ஊறிய பிறகே சொட்டும். ஆக, சகதிப் பகுதி வேருக்கு இன்னும் அருகில் ஏறுகிறது. வேருக்கான இடமும் குறைகிறது. மண் ஒழுகாமல் இருக்க ஒவ்வொரு துளை மேலும் ஓர் ஓட்டுச்சில்லு போதும். துளைகளைப் பென்சில் பருமனில் அடிப்பக்க விளிம்பிலும் போட்டு, பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளமும் காயும், துளையும் அடைக்காது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் பத்து நாள்தான்.

ஒரு பையில் மூன்று தக்காளி

இடம் குறைவு என்பதற்காக நெருக்குவதால் மூன்றும் மெலியும். 12 அங்குலப் பைக்கு ஒரு தக்காளி, அல்லது ஒரு மிளகாய். கத்தரிக்கு 15 அங்குலம் நல்லது. பாகல், புடல், பீர்க்கு, சுரைக்கு 40 முதல் 50 லிட்டர் வேண்டும். கீரைக்குக் கணக்கு நேர்மாறு: ஆழம் 6 முதல் 8 அங்குலம் போதும், அகலம்தான் வேண்டும். அதனால் கீரைக்கு ஆழமான பையை வீணாக்க வேண்டாம்.

சுவரில் தொங்கும் குளிர்பான பாட்டில்கள் புகைப்படத்தில் அழகு. ஒரு லிட்டர் கலவை கோடையில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். புதினா, வல்லாரை போன்றவற்றை நிழல் பக்கம் அப்படி வளர்க்கலாம். இடத்தை மிச்சப்படுத்த அதைவிட நல்ல வழி, ஒரே பெரிய பையில் கொடியை நட்டு, பால்கனிக் கம்பியில் நைலான் வலை கட்டி மேலே ஏற்றுவது. தொட்டியைக் கம்பிக்கு வெளிப்பக்கம் மாட்டாதீர்கள். கீழே ஆள் நடக்கும் இடம்.

பூ உதிர்ந்தால் உரம்

தக்காளியில் இரவுச் சூடு தணியாத மாதங்களில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். சித்திரையில் பூக்கும்படி விதைத்துவிட்டு எந்த உரத்தை ஊற்றினாலும் பயனில்லை. சமவெளியில் ஆடி முதல் ஐப்பசிக்குள் விதைத்தால் குளிர்ந்த மாதங்களில் காய்க்கும். கோடைக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை இருக்கின்றன.

கொடிக் காய்களில் வேறு கதை. முதல் ஓரிரு வாரம் ஆண் பூ மட்டுமே வந்து உதிரும், அது இயல்பு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். அது மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். உயர்ந்த மாடிகளுக்கு வண்டு, தேனீ வரத்து குறைவு. கையால் சேர்க்க வேண்டும், அதுவும் நேரம் அறிந்து. பாகல், பரங்கி காலையில் மலரும். 6 மணியிலிருந்து 9 மணிக்குள் செய்யுங்கள். சுரை, பீர்க்கு, புடல் மாலையில் மலர்பவை. காலையில் போய் வாடிய பூவைத் தடவிவிட்டு, கைச்சேர்க்கை பலிக்கவில்லை என்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அன்று மலர்ந்த ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்கு வரும். தக்காளிக்கு இந்த வேலையில்லை. காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பைச் சுண்டிவிட்டால் போதும்.

தண்ணீர், மிச்சம், பூச்சி

மதியம் இலை துவண்டதும் ஓடிப்போய் ஊற்ற வேண்டாம். மாலையில் தானே நிமிர்ந்தால் அது வெயில் களைப்பு. காலையிலும் துவண்டிருந்தால் விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள்; உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை அப்படியே ஊற்றுவதும் கூடாது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்து வெளியேறும் நீர் அது.

வாழைப்பழத் தோலையும் காய்கறிக் கழிவையும் பச்சையாகப் பையில் புதைத்தால் ஈயும் எறும்பும்தான் வரும். தனியே மட்கவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கலவை இறங்கிய அளவுக்கு மேலே இடுங்கள்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பதென்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி.; அதைச் சோப்புக் கரைசலில் முதலில் குழைத்த பிறகே தண்ணீரில் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து, கடைசிச் செடிக்கு மட்டும் மொத்தமாகப் போய் இலையைக் கருக்கும். மாலையில் மட்டும் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்குப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவதே முதல் வேலை. கூடவே எறும்பு ஏறும் வழியை அடையுங்கள். மாவுப்பூச்சியைச் சுமந்து பரப்புவதும் காவல் நிற்பதும் அதுதான்.

ஐப்பசி மழைக்கு முன் மாடியின் நீர்ப்போக்குக் குழாய் வாயில் வலை கட்டி, அதைச் சுற்றி இரண்டடிக்குப் பை எதுவும் இல்லாமல் நகர்த்தி வையுங்கள். கலவை கரைந்து குழாயை அடைத்தால் தேங்கும் நீர் தளத்துக்குள் இறங்கும்.