பயணத்தில் பார்த்த வீட்டைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓர் இளம் வடிவமைப்பாளர் தன் முதல் வீட்டு வரைபடத்தை என் மேசையில் விரித்தார். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, தட்டைக் கூரை. சன்னல்களுக்கு மேல் சன்ஷேடு கிடையாது. "கிரீஸ்ல சான்டோரினி தீவுக்குப் போய் வந்ததிலிருந்து வீட்டுக்காரருக்கு இதேதான் வேணுமாம் சார்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கிட்டத்தட்ட இதே வீட்டை நானும் ஒரு காலத்தில் வரைந்திருக்கிறேன். கட்டியும் கொடுத்திருக்கிறேன்.

பட்ஜெட் தாண்டுவது, ஒப்பந்தம் எழுதாமல் வேலையைத் தொடங்குவது எல்லாம் எவருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோற்றத்தை எடுத்துக்கொண்டு மழையை மறப்பது

சான்டோரினியில் சராசரியாக ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாது. பெய்வதும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்பதால் கூரையில் விழும் மழையை வடித்துத் தொட்டியில் சேர்த்தார்கள். மரம் அரிது, ஆகவே எரிமலைக் கல்லை அடுக்கி வளைகூரை போட்டார்கள். சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்த அவர்களுடைய சாந்து தண்ணீருக்குள்ளும் இறுகும். சூயஸ் கால்வாய் வேலைக்கே அந்தத் தீவின் சாம்பல் போயிருக்கிறது. வெள்ளையடிப்பதும் ஒருமுறையோடு முடிவதில்லை, வழக்கமாக ஆண்டுதோறும் அடிப்பார்கள்.

நான் கட்டியது மாதக்கணக்கில் அடைமழை பெய்யும் இடத்தில். கோடு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று சன்ஷேடை எடுத்தேன். தளம் தடித்துத் தெரியக்கூடாது என்று மொட்டை மாடியின் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடும் சரிவை, குறைத்தேன். கொத்தனார் இரண்டு முறை கேட்டார், "தண்ணி எங்கங்க போகும்?" நான் போட்டோவைக் காட்டினேன்.

முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு சன்னலின் இரு மூலையிலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கியிருந்தது, கண் மை கரைந்து வழிந்தது போல. கைப்பிடிச் சுவரின் தலையில் படிந்த தூசியெல்லாம் முகப்பில் ஓடியிருந்தது. உள்ளே படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கட்டி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன், தண்ணீர் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. வீட்டம்மா பக்கத்தில் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

தளத்தின் மேல்பூச்சை உடைத்து, வாட்டத்தைத் திருத்தி, சுவரில் துளை போட்டுக் கம்பி இறக்கிப் புதிதாக சன்ஷேடு போட்டோம். முதலிலேயே போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு ஆனது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதை நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை. இன்றைக்கும் அதே வரைபடம் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

வெள்ளைச் சுவர் தாராளமாக இருக்கட்டும். தளத்துக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும், அதுவும் பூச்சு முடிந்த பிறகு அளந்து. கைப்பிடிச் சுவரின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். சன்ஷேடின் அடியில், விளிம்புக்குச் சற்று உள்ளே, ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் காடி, அதாவது பள்ளம், எடுங்கள். அது இல்லையென்றால் தண்ணீர் அடிப்பரப்பைப் பிடித்துக்கொண்டே சுவருக்குத் திரும்பிவிடும். இருந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

வெயில் திசை தெரியாமல் கண்ணாடிச் சுவர்

ஸ்காண்டிநேவிய வீடுகளில் அவ்வளவு பெரிய கண்ணாடி இருப்பது, குளிர்காலத்தில் தாழ்வாக வரும் கொஞ்ச வெயிலையும் விடாமல் பிடிப்பதற்கு. வெயில் கொளுத்தும் இடத்தில் அதை மேற்கே வைத்தால் மாலையில் அந்த அறையில் இருக்க முடியாது. உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவுக்கே இது நடந்திருக்கிறது. பாரிஸில் 1933-இல் திறந்த, வீடற்றவர்கள் தங்கும் சித்தே த ரெஃப்யூஜ் கட்டடத்தில், தெற்கு பார்த்த முகப்பைத் திறக்க முடியாத கண்ணாடியால் மூடினார். கோடையில் உள்ளே புழுங்கியது. பிறகு திறக்கும் சன்னல்கள் வந்தன, போருக்குப் பின் வெயில் மறைப்புகளும் வந்தன.

அகலக் கோணப் படத்தை நம்புவது

மொராக்கோவின் மராகெஷ் நகரில் நடுமுற்றம் வைத்த பழைய வீட்டை ரியாத் என்பார்கள். அதன் முற்றம் படத்தில் மைதானம் போல இருக்கும். நேரில் நடந்தால் சில எட்டுகளில் முடிந்துவிடும். அந்தக் குறுகலும் சுற்றுச்சுவரின் உயரமும் சேர்ந்துதான் தரையை நிழலில் வைத்திருக்கின்றன. சுவரை உயர்த்தாமல் அகலத்தை இரட்டிப்பாக்கினால் தரை கொதிக்கும். நான் இப்போது எங்கே போனாலும் டேப் கொண்டுபோகிறேன்.

உட்காரும் உயரம்

ஜப்பானியப் பாரம்பரிய அறை தரையில் உட்காருபவரின் கண்ணுக்காக அமைந்தது. சோபா போடப் போகிறீர்கள் என்றால் சன்னலின் உயரத்தையும் மாற்றுங்கள்.

வெளிநாட்டு மரக்கதவு

வறண்ட இடத்து மரம் ஈரக்காற்றில் உப்பும். வந்த அன்றே மாட்டாதீர்கள்.

ஐந்து நாடு, ஒரே வரவேற்பறை

வேண்டாம்.

சீசனில் மட்டும் பார்த்துவிட்டு வருவது

நாம் போவது நல்ல பருவத்தில். அந்த வீட்டில் ஆண்டு முழுக்க இருப்பவரிடம் கேளுங்கள்: மற்ற மாதங்களில் எந்த அறையில் படுப்பீர்கள், எந்தச் சன்னலைத் திறப்பதே இல்லை, எந்தச் சுவரில் ஓதம் அடிக்கிறது? படம் எடுப்பதைவிட இந்தப் பத்து நிமிடம் முக்கியம்.

அந்த இளைஞரின் வரைபடத்தில் பென்சிலால் இரண்டடி சன்ஷேடு வரைந்து, சுவரில் அதன் நிழலையும் தீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நிழலோட நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நீலக் கதவை மட்டும் எடுக்கச் சொல்லிடாதீங்க" என்றார். நீலக் கதவு அப்படியே இருக்கிறது.