64 படம் எடுத்தும் தோற்ற கதை: வாடகை வீட்டின் நிலையைச் சாவி கொடுக்கும் முன் பதிவு செய்வது எப்படி?

ஹாலில் நின்றபடி நானும் என் வாடகைதாரரும் என் போனை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் ஒரு வெள்ளைச் சுவர், குறுக்கே மயிரிழை விரிசல். "இது எந்தச் சுவர் சார்?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அவர் குடி வருவதற்கு முந்தின நாள் நானே எடுத்த படம் அது. மொத்தம் 64 படங்கள், எல்லாமே இந்த லட்சணம்தான். முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவன், பேசாமல் முழுத்தொகையையும் கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் மாற்றிக்கொண்ட முறைதான் இது. ஒப்பந்தம், அடையாளச் சான்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

1. நேரம்

வீடு காலியாக இருக்க வேண்டும், பகலாக இருக்க வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் வர வேண்டும். குடி வருபவர் கூடவே இருக்க வேண்டும். நீங்கள் தனியாகப் போய் எடுத்தது உங்கள் கட்சிக்கான ஆவணம் மட்டுமே. இருவரும் சேர்ந்து பார்த்ததைத்தான் பின்னால் இருவரும் ஒப்புக்கொள்வார்கள். சாமான் இறங்கிவிட்டால் பீரோவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

2. காகிதம்

ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாள். அறைக்குள் நுழையும் கதவு இருக்கும் சுவர் 1. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் 2, 3, 4. பிறகு கூரை, தரை. எல்லா அறைக்கும் இதே கணக்கு.

"நன்றாக உள்ளது" என்று எழுதாதீர்கள், அதற்கு அர்த்தமே இல்லை. "2ஆம் சுவர், ஜன்னலுக்குக் கீழே, ஒரு சாண் விரிசல்" என்று எழுதுங்கள். ஆணி ஓட்டை இருந்தால் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. இரண்டைப் போட்டுப் பார்த்து அழித்துவிட்டேன். விரல் நுனியால் திரையில் கிறுக்கும் கையெழுத்து எனக்கே என்னுடையது போல இல்லை. அட்டை, தாள், பேனா போதும். பென்சில் வேண்டாம்.

3. படம் (நான் சறுக்கிய இடம்)

ஒரு குறைக்கு ஒரு படம் போதாது, மூன்று வேண்டும்.

முதலில் அறையின் மூலையில் நின்று சுவர் முழுதும். அடுத்து நாலடி தள்ளி நின்று, நகர்த்த முடியாத ஏதாவது ஒன்று, ஜன்னல் விளிம்போ சுவிட்ச் போர்டோ, குறையோடு சேர்ந்து தெரியும்படி. கடைசியில்தான் கிட்டத்துப் படம், பக்கத்தில் அளவு டேப்பை வைத்து. நான் கடைசிப் படத்தை மட்டும் 64 தடவை எடுத்திருந்தேன்.

இன்னொன்று: ஃபிளாஷ் போடாதீர்கள். நேராக விழும் வெளிச்சம் கீறலை மறைத்துவிடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், மேடு பள்ளமும் பட்டி பார்த்த இடமும் நிழலோடு எழுந்து நிற்கும். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது என் வீட்டுச் சுவரா இது என்று ஆகிவிட்டது.

வீடியோவும் எடுக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நிறுத்திப் பார்த்தால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும்.

4. ஓட்டிப் பாருங்கள்

எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் கையை வைத்துத் தடவுங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அதிலுள்ள சின்னச் சக்கரம் அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்தான். டேங்க்கில் கொஞ்சம் கலர் தூளைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது.

மின்பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், அதில் 'டி' என்று போட்ட சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், உடனே சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் சரிசெய்யும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

மீட்டர் அளவுகளைப் படமெடுக்கும்போது மீட்டரின் எண்ணும் அதே படத்தில் வரட்டும்.

5. கையெழுத்து

இரண்டு பிரதி, ஒவ்வொரு தாளிலும் இருவர் கையெழுத்தும் தேதியும். படங்களை மெசேஜ் செயலியில் சாதாரணமாக அனுப்பினால் பல நேரம் அளவு சுருங்கி, எடுத்த தேதி விவரமும் போய்விடும். மூலக் கோப்புகளையே மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள், அனுப்பிய தேதியும் தானாகப் பதிவாகும்.

கூடவே, 7 நாளுக்குள் புதிதாகக் கண்ணில் படும் குறைகளை எழுதித் தரலாம் என்று தாளின் அடியில் ஒரு வரி சேர்ப்பேன். சில குறைகள் குடியிருந்தால்தான் தெரியும்.

6. காலி செய்யும்போது

அதே தாள், அதே வரிசை, அதே மூலையில் நின்று படம். பழசானதற்கும் பழுதாக்கியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள். வெயிலில் வெளுத்த பெயிண்ட் பழசானது. கதவில் விழுந்த ஓட்டை பழுது. பழுதுக்கும் புதுப் பொருளின் முழு விலையைக் கேட்பது நியாயமில்லை. 5 வருடம் வரும் என்று நினைத்து அடித்த பெயிண்ட், 4 வருடம் கழித்துக் குழந்தையின் கிறுக்கலால் பாழானால், ஐந்தில் ஒரு பங்குதான் கேட்பேன். என்ன பிடிக்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் பகுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: "ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறாரே?" என்று சிலர் கேட்டார்கள். முன்கூட்டியே சொல்லி, அவருக்குத் தோதான நாளில் போங்கள். இன்றைய தேதியிலிருந்து பதிவு தொடங்கட்டும்; முதல் நாள் எப்படி இருந்தது என்று இதை வைத்துப் பேச முடியாது. அவர்கள் சாமான், துணிமணி, சாமி படம் எதுவும் படத்தில் விழ வேண்டாம்.

பின்சேர்க்கை 2: சுவரில் ஓதம், யார் பொறுப்பு என்று ஒரு கேள்வி. ஒரு முழம் அலுமினியத் தாளை அந்த இடத்தில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அறைப் பக்கம் ஈரம் பூத்திருந்தால் வீட்டுக்குள் ஆவி வெளியேறவில்லை. குடியிருப்பவரிடம் ஜன்னல் திறக்கச் சொல்லலாம், குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையென்றால் நாம்தான் போட்டுத் தரவேண்டும். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாயோ கூரையோ பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள், அது வீட்டுக்காரர் செலவு.