ப்ரொமீதியஸ் டூலுக்கு விளக்கம் எழுதுவது: ஏஜென்ட் காலி விடையில் ஏமாறாமலிருக்க

ஏஐ ஏஜென்டிடம் ப்ரொமீதியஸை (சர்வர்களின் அளவீடுகளை, அதாவது மெட்ரிக்குகளை, சேமித்துத் தேடித் தரும் மென்பொருள்) ஒரு டூலாக ஒப்படைக்கும்போது அதன் கண்ணுக்குத் தெரிவது டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு, அவ்வளவுதான். எம்சிபி (மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை) சர்வர் வழியாகக் கொடுத்தாலும் இதே கதைதான். ஓரளவு தேறிய மாடலுக்கு ப்ரொமீதியஸின் தேடல் மொழியான ப்ராம்க்யூஎல் எழுத வரும். அதைச் சொல்லிக்கொடுத்து இடத்தை வீணாக்காதீர்கள். உங்கள் சர்வரின் நிலவரம்தான் அதற்குத் தெரியாது: எத்தனை வினாடிக்கு ஒருமுறை ஸ்கிரேப் (அளவீடுகளைச் சேகரிப்பது) நடக்கிறது, எத்தனை நாள் தரவு இருக்கிறது, சர்வீஸ் பெயர் எந்த லேபிளில் (அளவீட்டோடு ஒட்டிவரும் குறிச்சொல்) வருகிறது. "மெட்ரிக்குகளைத் தேட உதவும் டூல்" என்ற வரியில் இதில் ஒன்றுகூட இல்லை.

முதலில் நேரம். அதிகம் சொதப்புவது இங்கேதான். ப்ரொமீதியஸ் ஏற்பது இரண்டு வடிவங்கள்: யூனிக்ஸ் வினாடி (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள்), அல்லது நேர மண்டலத்தோடு கூடிய ஆர்எஃப்சி 3339 (2024-01-01T10:00:00+05:30 போன்ற தேதி வடிவம்). மண்டலம் விட்டுப்போனால் எரர் வரும், ஏஜென்ட் தானே திருத்திக்கொள்ளும். மில்லிசெகண்டில் அனுப்பினால்தான் வம்பு. ஒரு மணி நேரம் 36 லட்சம் வினாடியாகிவிடும். ஸ்டெப் (அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலான வினாடிகள்) 60 என்றால் 60,000 புள்ளிகள். ஒரு சீரிஸுக்கு (ஒரே மெட்ரிக், ஒரே லேபிள்கள் கொண்ட அளவீட்டு வரிசை) 11,000 புள்ளிகளுக்கு மேல் ப்ரொமீதியஸ் தராது, ஸ்டெப்பை மாற்றச் சொல்லி எரர் காட்டும். ஏஜென்டும் சொன்னபடி ஸ்டெப்பை 600 ஆக்கும். எரர் போய்விடும், விடை காலியாக வரும். ஐம்பதாயிரமாவது ஆண்டைத் தாண்டிய தேதிக்குத் தரவு எங்கிருந்து வரும்? "அந்த நேரத்தில் கோளாறு எதுவும் இல்லை" என்று ஏஜென்ட் ரிப்போர்ட் எழுதி முடித்துவிடும்.

அதனால் நேரத்துக்கான உள்ளீட்டு விளக்கம் இப்படி இருக்கட்டும்: "தொடக்க நேரம். யூனிக்ஸ் வினாடி, 10 இலக்கம். 13 இலக்கம் வந்தால் அது மில்லிசெகண்ட், 1000-ஆல் வகுத்து அனுப்பவும். பயனர் சொல்லும் நேரம் இந்திய நேரம், யூடிசி அல்ல." கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் 'காலை 10 மணி' என்றதும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய்த் தேடும்.

அடுத்தது ரேட், அதாவது ஒரு கவுன்டர் (ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை) வினாடிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிடும் ஃபங்ஷன். கொடுத்த கால அளவுக்குள் குறைந்தது இரண்டு அளவீடுகள் இருந்தால்தான் அது கணக்கிடும். ஸ்கிரேப் இடைவெளி 1 நிமிடமாக இருக்க, ரேட்டுக்கும் 1 நிமிடமே கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. இடைவெளியைப் போல நான்கு மடங்கு என்பது பாதுகாப்பான கணக்கு. விதியை எழுதாமல் எண்ணையே எழுதுங்கள்: "ஸ்கிரேப் 30 வினாடிக்கு ஒருமுறை, ரேட்டுக்கு 2 நிமிடத்துக்குக் குறைவாகக் கொடுக்க வேண்டாம்."

காலி விடைக்குத் தனிப் பத்தியே ஒதுக்கலாம். மெட்ரிக் பெயர் தப்பாக இருக்கலாம், லேபிள் பொருந்தாமல் இருக்கலாம், டார்கெட்டே (அளவீடு எடுக்கப்படும் சர்வர் அல்லது சர்வீஸ்) விழுந்திருக்கலாம், தரவு பழசாகி அழிந்திருக்கலாம் (மாற்றாமல் விட்டால் 15 நாள்தான் இருக்கும்). எரர் கவுன்டர் விஷயத்தில், ஒரு எரர்கூட வராததால் அந்த சீரிஸே இன்னும் உருவாகாமலும் இருக்கலாம். அதனால் இப்படி எழுதுங்கள்: "விடை காலி என்றால் மதிப்பு 0 என்று பொருள் அல்ல. முதலில் மெட்ரிக் பெயர் பட்டியலைப் பார்க்கவும், பிறகு அந்த டார்கெட்டின் 'அப்' மதிப்பைப் (ஸ்கிரேப் நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) பார்க்கவும். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் முடிவுக்கு வரவும்." இதையே டூல் திருப்பித் தரும் விடையிலும் எழுத்தாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. காலி விடையாக வரும் வெறும் அடைப்புக்குறிகளைப் ([]) பார்த்தால் மாடல் தன் இஷ்டத்துக்குக் கதை கட்டும்.

7 நாளுக்கு 60 வினாடி ஸ்டெப் என்றால் 10,080 புள்ளிகள், வரம்புக்குள்தான். ஆனால் 40 சீரிஸ் வந்தால் நான்கு லட்சம் எண்கள்; மாடலின் கான்டெக்ஸ்ட் (ஒரே நேரத்தில் அது படிக்கக்கூடிய அளவு) தாங்காது. டூலின் கோடிலேயே ஒரு சீரிஸுக்கு 300 புள்ளி என்று கட்டுப்படுத்தி, அப்படிச் செய்வதை விளக்கத்திலும் சொல்லிவிடுங்கள். ஸ்டெப் பெரிதானால் ப்ரொமீதியஸ் சராசரி எடுப்பதில்லை, அந்தந்தப் புள்ளியில் உள்ள மதிப்பை மட்டும் தருகிறது. இடையில் வந்துபோன உச்சம் தெரியாது. உச்சம் தேவைப்பட்டால் 'மேக்ஸ் ஓவர் டைம்' பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அலர்ட்மேனேஜரில் (ப்ரொமீதியஸின் அலர்ட்டுகளை உரியவர்களுக்கு அனுப்பும் மென்பொருள்) சைலன்ஸ் போடும், அதாவது அலர்ட்டைத் தற்காலிகமாக அடக்கிவைக்கும், வேலையைத் தேடும் டூலோடு சேர்க்கவே கூடாது. தனி டூல், தனிப் பெயர். தீவிரம் என்ற ஒரே லேபிளை வைத்து சைலன்ஸ் போட்டால் அந்தத் தீவிரத்தில் வரும் எல்லா அலர்ட்டும் வாயடைத்துப்போகும். அலர்ட் பெயரும் இன்ஸ்டன்ஸும் (எந்த டார்கெட் என்பது) கட்டாயம், அதிகபட்சம் 2 மணி நேரம் என்பதை விளக்கத்தில் எழுதி, கோடிலும் தடுத்துவிடுங்கள். எம்சிபியில் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று குறிக்க வசதி உண்டு. அவை வெறும் குறிப்புகள், பூட்டு அல்ல.

சோதிக்கும்போது ஏஜென்டின் இறுதிப் பதிலைப் படித்து ஏமாறாதீர்கள். டூலுக்கு என்ன அனுப்பியது என்ற லாக்கைப் பாருங்கள். இல்லாத மெட்ரிக் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஒரு எக்ஸ்போர்ட்டரை (அளவீடுகளை ப்ரொமீதியஸுக்குக் காட்டும் நிரல்) நிறுத்திவிட்டுக் கேளுங்கள், 20 நாள் முந்தைய தேதியைக் கேளுங்கள். விளக்கக் கோப்பை ப்ரொமீதியஸ் கான்ஃபிக் இருக்கும் ரெப்போவிலேயே வையுங்கள். ஸ்கிரேப் இடைவெளியை மாற்றுகிறவர் அதே கமிட்டில் இதையும் மாற்ற வேண்டியிருக்கும்.