ஸ்லோ குக்கரில் இரவு முழுவதும் வேகும் ஓட்ஸ் கஞ்சி

தட்டையாக அழுத்திய ஓட்ஸ் நீண்ட நேரச் சூட்டில் குழைந்து கூழாகிவிடும் என்பதால், அரிசிக் குருணைபோல் இருக்கும் ஸ்டீல் கட் ஓட்ஸையே இதற்கு வாங்க வேண்டும். 1 கோப்பை ஓட்ஸுக்கு 4 கோப்பை தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் நேரடியாக ஊற்றினால் கஞ்சி விளிம்பில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே, உட்புறம் வெண்ணெய் தடவிய, சூடு தாங்கும் பீங்கான் பாத்திரத்தில் கலவையை ஊற்றி, அதைக் குக்கருக்குள் வைத்து, பாத்திரத்தின் பாதி உயரம்வரை சுற்றிலும் தண்ணீர் விட்டு மூடுவதே நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் முறை. குறைந்த சூட்டில் 7 முதல் 8 மணி நேரம் வேகட்டும். பால் இரவிலேயே சேர்த்தால் திரியக்கூடும். காலையில் நன்றாகக் கிளறிய பின், சூடான பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம்.